நோவி எழுதாமல் விட்ட கல்லூரி

நோவிக்குப் பயம் பசியைப் போல. வேளை தவறாமல் வந்துவிடும். காலையில் எங்கள் ஊர் மினிபஸ்ஸான ஜீப்னியில் ஏறும்போது ஒரு பயம், எடுத்த ரத்தத்தை ஊற்றிய கண்ணாடிக் குழாயில் பெயர்ச் சீட்டு ஒட்டும்போது ஒரு பயம், மாலையில் எல்லாம் சரியாக முடிந்துவிட்டதே என்று ஒரு பயம். மாகாண ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என் பெயர் எல்மா சல்சேடோ. எனக்குப் பயமே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

அவள் முழுப்பெயர் நொவெலிட்டா தெருவேல். நவம்பரில் பிறந்ததால் அந்தப் பெயர். குள்ளம், ஒல்லி, காதோரம் எப்போதும் ஒரு கிளிப். ஆனால் கை இருக்கிறதே, அது தங்கம். வார்டில் எந்தக் குழந்தைக்காவது நரம்பு கிடைக்கவில்லை என்றால் நர்சுகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊசியை எடுப்பதற்கு முன் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பாள், எடுத்த பிறகு அம்மாவிடம் கேட்பாள். பார்க்கிற எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

முப்பத்தொரு வயதில் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடப்போகிறேன் என்றாள். எங்கள் நாட்டில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவம் படிக்க முடியும் என்பதால் இந்த வயதில் போகிறவர்கள் உண்டு. ஆனால் நோவியா?

"உனக்கு ரத்தத்தப் பார்த்தா பயமில்ல, டாக்டருங்களப் பார்த்தாத்தான் பயம். நீயே டாக்டர் ஆயிட்டா வீட்டுல கண்ணாடியே மாட்ட முடியாதேடி" என்றேன்.

சிரிக்கவில்லை. "சின்ன வயசுலயிருந்து இது ஒண்ணுதான் எல்மா எனக்கு வேணும்னு இருந்துச்சு. கேக்கவே பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நுழைவுத் தேர்வு எழுதினாள். நூறு பேரில் தொண்ணூற்றொரு பேருக்கு மேலே வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மனுப் படிவம் கையில் வந்தது. அதில் ஏழாவது வரியைப் படித்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது. இதுவரை சேர்ந்த எல்லாக் கல்லூரிகளையும் எழுத வேண்டும், ஒரு நாள் மட்டுமே போயிருந்தாலும். கீழே வக்கீல் முத்திரையோடு சத்தியம் செய்து கையெழுத்து.

அவள் கதை இது. பதினேழு வயதில் எங்கள் பகுதியிலேயே பெரிய பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்தாள். எங்கள் மதிப்பெண்ணில் ஒன்று வாங்கினால் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள், ஐந்து வாங்கினால் தோல்வி. முதல் பருவத்தில் நோவி மூன்று பாடத்தில் ஐந்து வாங்கினாள். இரண்டாவது பருவத்தில் வகுப்புக்கே போகவில்லை. விடுதிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மணி அடித்து எல்லோரும் போகும் சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருப்பாளாம். வருடக் கடைசியில் துரத்திவிட்டார்கள். வீட்டில் நுரையீரலில் தண்ணீர் என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து நகரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில், பள்ளிக்கூடச் சான்றிதழை மட்டும் காட்டி, அப்போதுதான் பள்ளி முடித்தவளைப் போலப் புதிதாகச் சேர்ந்தாள். அங்கே நாலு வருடமும் முதல் வரிசை.

முறைப்படி மாறி வந்தால் பழைய இடத்திலிருந்து ஒரு விடுவிப்புச் சான்றிதழ் வாங்கி வரவேண்டும். அதற்குக் கௌரவ விடுவிப்பு என்று பெயர். கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அதற்குக் கௌரவம் என்று பெயர் வைக்க எங்கள் அலுவலகங்களுக்குத்தான் வரும். அதை வாங்கினால் ஐந்துகளும் கூடவே வரும். அதனால் யாரும் வாங்குவதில்லை, புது மாணவியாகச் சேர்ந்துவிடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே வழியில்தான் வந்தேன். அதே சின்னக் கல்லூரி, அவளுக்கு ஒரு வருடம் முன்னால்.

ஆக, அந்த வரியில் ஒரு கல்லூரிப் பெயர் போதும் என்று சொன்னது நான்தான்.

"பதினாலு வருஷமாச்சு. எவன் போயி கிளறப்போறான்? ஒண்ணு எழுது, கையெழுத்துப் போடு, கிளம்பு."

"சத்தியம்னு போட்டிருக்கே எல்மா."

"நகரசபை வாசல்ல குடைய விரிச்சு உக்காந்திருக்கிற வக்கீலப் பாத்திருக்கியா? படிக்காமயே முத்திரை குத்துவாரு. அவரே படிக்காதத நீ ஏன் படிக்கிறே?"

குத்தினார். படிக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குத் தேதி வந்தது, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

இதற்கு நடுவில்தான் அவள் அம்மா, நாங்கள் எல்லோரும் நனாய் லெட்டி என்று கூப்பிடுகிறவர், ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். எங்கள் மக்களுக்கு இது ஒரு வியாதி. பிள்ளை பரீட்சையில் தேறினால் போதும், வீட்டுக் கதவளவுக்குப் படம் போட்டுக் கூடைப்பந்து மைதானத்துக்கு எதிரே கட்டிவிடுவார்கள். இடம் கிடைக்கும்வரை பொறுக்கலாமே என்ற எண்ணமே வராது. நோவி வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே 'எங்கள் வருங்கால டாக்டர்', அதற்குக் கீழே தொண்ணூற்றொன்று என்ற எண், பக்கத்தில் வார்டு உறுப்பினரின் படம் அவளைவிடப் பெரிதாக. யாரோ அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை நோவி கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள்.  துபாயில் நர்சாக இருக்கும் செரில் என்பவள் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். "நோவி! என் பழைய ரூம்மேட்! கெமிஸ்ட்ரி வகுப்புக்குப் பயந்து பாத்ரூம்ல ஒளிஞ்சுக்குவியே, இப்ப டாக்டரா! பெருமையா இருக்குடி!" பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் பெயரும் விடுதியின் பெயரும். பாசத்தில் எழுதியது. நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் ஒன்று, நோவி மனுப் போட்ட அதே மருத்துவக் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும், நனாய் லெட்டியின் ஒன்றுவிட்ட தங்கை.

"அழிக்கச் சொல்லு அவள" என்றேன்.

"சொல்லிட்டேன். அவ ட்யூட்டியில இருக்கா. பார்க்கவே இல்ல."

"சரி விடு, யாரு கவனிக்கப் போறாங்க?"

"நாப்பது பேரு கவனிச்சிருக்காங்க எல்மா."

சாயந்திரம் செரில் அழித்துவிட்டாள். ஆனால் நோவிக்கு அழியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கே முழுசாக உறைத்தது. போவது மருத்துவ சீட் மட்டும் இல்லை. பொய் சொல்லிச் சேர்ந்த கல்லூரி என்றால் அது கொடுத்த பட்டம் என்ன ஆகும்? பட்டம் போனால் உரிமம் போகும், உரிமம் போனால் இந்த நாற்காலி போகும். அவள் நாற்காலி போனால், பக்கத்து நாற்காலி? நான் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அந்த வாரம்தான் குழாய் மாறியது.

எங்கள் நாட்டை ஸ்பானியர் ஆண்ட காலத்தில் எவனோ ஒரு அதிகாரி, ஒரு ஊருக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் என்று குடும்பப் பெயர்களைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனான். நோவியின் ஊர்க்காரர்கள் வந்தால் வார்டில் "தெருவேல்" என்று ஒருமுறை கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். அன்றைக்கு இரண்டு மரியா தெருவேல் வந்திருந்தார்கள். ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தவள், இன்னொருத்தி வயிற்று அறுவைக்குக் காத்திருந்தவள். இருவருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். நோவிதான் இருவரிடமும் எடுத்தாள். பிறந்த தேதியைக் கேட்டுக் கேட்டு மூன்று தடவை சரிபார்க்கிறவள், அன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வகை பார்த்தபோது பிரசவக்காரிக்கு ஏ என்று வந்தது. பழைய பதிவை எடுத்துப் பார்த்தாள். போன பிரசவத்தில் ஓ. மனுஷிக்கு ரத்த வகை மாறுமா? இரண்டு குழாயிலும் பெயர் மாறி ஒட்டப்பட்டிருந்தது. ஏ ரத்தம் அந்தப் பெண்ணுக்குள் போயிருந்தால் ஆளே போயிருப்பாள்.

நோவியின் உதடு நீலமாகிவிட்டது. நான் குரலைத் தாழ்த்தி, "யாரும் பார்க்கல. சீட்டப் பிச்சு மாத்தி ஒட்டு. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும்" என்றேன்.

"வேற எதுவும் மாறியிருந்தா? எந்தக் குழாய் யாருதுன்னு இப்ப எனக்கே தெரியாது."

இரண்டு குழாயையும் குப்பையில் போட்டாள். மேலே வார்டுக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பணியில் இருந்த இளம் டாக்டரிடம், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்க, "தப்பு என்னோடது டாக். பேர மாத்தி ஒட்டிட்டேன். ரத்தம் இன்னும் கீழேருந்து வெளிய போகல. மறுபடி எடுக்கணும்" என்றாள்.

அவர் போட்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். "இந்த லட்சணத்துல நீ டாக்டராகப் போறியா? உன் போர்ட நானும்தான் பார்த்தேன்!"

அவள் நேராகக் கட்டிலுக்குப் போனாள். பிரசவக்காரியின் கையைப் பிடித்து, பிறந்த தேதியைக் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, ஒரே குத்தில் எடுத்தாள். கை ஆடவில்லை. இன்னொரு மரியாவிடமும் அப்படியே.

கீழே வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு லீவு போடு. பழைய யுனிவர்சிட்டிக்குப் போறேன். தனியாப் போக முடியாது என்னால" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தக் காகிதத்த வாங்க."

கடலோரமாக ஒன்றரை மணி நேரம் ஜீப்னி. வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பதிவாளர் ஜன்னலுக்குப் போனாள். உள்ளே இருந்த அம்மாள் பெயரைக் கேட்டு, வருடத்தைக் கேட்டு, இரும்பு அலமாரியைத் திறந்து பழுப்பேறிய உறை ஒன்றை எடுத்து வந்தார்.

"எல்லாம் இங்கதான் இருக்கும். யாரும்தான் வர்றதில்ல" என்றார். அந்த அலமாரியில் எத்தனை உறைகள் இருந்தன என்று பார்த்தேன். எண்ண முடியவில்லை. என்னுடையது இதேபோல் வேறு ஒரு ஊரில், வேறு ஒரு அலமாரியில் இருக்கிறது.

திரும்பி வரும்போது நான் சும்மா வரவில்லை. சண்டை போட்டேன். "நீ இதக் காட்டினா நேரா நம்ம காலேஜுக்குத்தான் வருவாங்க. யாரெல்லாம் இப்படிச் சேர்ந்தாங்கன்னு தோண்டுவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குடி. அவங்க அப்பன் எங்க இருக்கான்னே தெரியாது. இந்த உரிமம்தான் எனக்குச் சோறு."

உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். "உன் பேரு என் வாயில வராது."

"கேட்டா?"

"வராதுன்னு சொல்லிட்டேன்ல."

ஒன்பதாம் தேதி வந்தது. எனக்கு அங்கே என்ன வேலை? அவளுக்குத் துணை என்று நனாய் லெட்டியிடம் சொன்னேன். உண்மையில் என் பெயர் வருகிறதா என்று கேட்கத்தான் போனேன். தாழ்வாரத்துப் பெஞ்சுக்கு மேலேயே அந்த அறையின் ஜன்னல். சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள், பாதி திறந்திருந்தன. ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

உள்ளே மூன்று பேர். பேசியவர் டாக்டர் பனேஸ் என்ற வயதான அம்மாள். தாழ்ந்த குரல், அவசரமே இல்லாத குரல், எங்கள் பக்கத்தில் மகளைக் கூப்பிடுவதுபோல் இந்தாய் என்று கூப்பிடும் குரல்.

"உக்காரு இந்தாய். உன்னப் பத்திச் சொல்லு."

"டாக், அதுக்கு முன்னாடி... என் படிவம் தப்பு. ஏழாவது வரி."

உறை கிழியும் சத்தம்.  பிறகு டாக்டர் பனேஸ் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். "அஞ்சு. அஞ்சு. மூணு. அஞ்சு. அடுத்த பருவம் முழுக்க வரல." அந்த எண்கள் ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது.

"என்னாச்சு?"

"பயம் டாக். முதல் பரீட்சைல தோத்ததும் யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியல. பாத்ரூம்ல உக்காந்திருந்தேன்."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இல்ல டாக். இப்பவும் இருக்கு. இங்க நடந்து வந்துட்டேன், அவ்வளவுதான்."

இன்னொரு குரல், ஆண் குரல், ஏதோ முணுமுணுத்தது. டாக்டர் பனேஸ், "பதினேழு வயசுல தோத்தது எனக்குப் பெரிசில்ல. முப்பத்தொண்ணுல சத்தியம் பண்ணிட்டுப் பொய் எழுதினது பெரிசு. இத உன் காலேஜுக்கு நான் தெரிவிச்சாகணும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் டாக்."

"இப்படி எழுதுன்னு யாரு சொன்னா?"

நான் பெஞ்சில் நிமிர்ந்து ஜன்னலுக்குக் காதைக் கொடுத்தேன்.

"யாரும் சொல்லல டாக். நானா எழுதினேன்."

எனக்கு எவ்வளவு நிம்மதி! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் நிம்மதி. பெஞ்சில் சாய்ந்துகொண்டேன்.

ஆனால் அந்த அம்மாளிடம் முப்பது வருடமாக நோயாளிகள் பொய் சொல்லியிருப்பார்கள் போல. "இந்தாய், ஒரு பொய்யத் திருத்த வந்திருக்கே. திருத்திக்கிட்டே இன்னொண்ணு சொல்றியே. உன் கண்ணு ஜன்னல் பக்கம் போகுது. இன்னொரு தடவ கேக்கறேன். இதுக்கும் அதே பதில்னா இந்தப் பேப்பர எடுத்துக்கிட்டுப் போயிரு."

  உள்ளே நாற்காலி நகரும் சத்தம். கண்ணாடிப் பட்டை இடுக்கில் பார்த்தேன், நோவி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் படிக்கட்டைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பதினெட்டுப் படி இறங்கினால் தெரு, தெருவில் ஜீப்னி, ஜீப்னியில் ஏறினால் வீடு.  நான் எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கதவைத் தட்டவும் இல்லை, திறந்துவிட்டேன்.

"நீ யாரு?" என்றார் டாக்டர் பனேஸ்.

"எல்மா சல்சேடோ, டாக். அந்த வரிய அப்படி எழுதச் சொன்னது நான்தான்."

"உனக்கு ஏன் அவ்வளவு அக்கறை?"

"நானும் அதே மாதிரிதான் சேர்ந்தேன் டாக். அதே காலேஜு."

 அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "பேரு, வருஷம், ரெண்டையும் எழுதிட்டுப் போ." எழுதினேன். 

வெளியே வந்ததும் நோவி என் தோளில் அடித்தாள். நிஜமாகவே அடித்தாள். "எதுக்குடி உள்ள வந்தே? பைத்தியமா உனக்கு? பிள்ளைங்க இருக்குன்னு சொன்னியேடி!" ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் தாழ்வாரத்திலேயே அழுதோம். அடுத்ததாகக் காத்திருந்த பையன் தன் முறை வந்தும் உள்ளே போகத் தயங்கி நின்றான்.

ஐந்து வாரம் கழித்து நோவிக்கு இடம் கிடைத்தது. சொன்னபடி டாக்டர் பனேஸ் எங்கள் கல்லூரிக்கும் எழுதினார். கல்லூரி நோவியைக் கூப்பிட்டு விசாரித்தது. தானாக முன்வந்து சொன்னாள் என்பதால் பட்டம் நிற்கும், பதிவில் ஒரு குறிப்பு மட்டும் சேரும் என்று முடித்தார்கள். அவள் இப்போது முதல் வருடம். பிணத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று தினமும் போன் பண்ணுகிறாள்.

என் விசாரணை வருகிற திங்கட்கிழமை. நோவியின் பட்டம் நின்றது அவள் தானாகச் சொன்னதால். நான் தானாகச் சொன்னவளா, ஜன்னலுக்கு வெளியே ஒளிந்திருந்து வேறு வழியில்லாமல் சொன்னவளா? அதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கே தெரியாது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, இந்தத் தடவை வயிறு சரியில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று போனில் நோவி, திங்கட்கிழமை வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"நீ வந்து என்னடி பண்ணப்போறே?" என்றேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வெளிய உக்காந்து பயந்துக்கிட்டு இருப்பேன். அதுலதான் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. நீ உள்ள போயி பேசறத மட்டும் பார்த்துக்கோ."

ஏழு மணிக்கே வந்துவிடு என்றேன்.